சாமி வெள்ளியில் ஒரு நாய்

எனக்குச் சாமி பயம் அதிகம். வாழ்க்கைப்பட்டதோ, எதற்கும் பயப்படாத ஒரு வெள்ளி ஆசாரிக்கு. தென்காசியில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் அவருடைய பட்டறை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், வடகரைப் பக்கத்து ஊரிலிருந்து சுடலைமாடன் கோயில் சாமியாடி வந்தார். ஆடிக் கொடைத் திருவிழாவுக்குக் காலில் போட்டு ஆட ஒரு ஜோடி தண்டை வேண்டும் என்றார். ஊர்ப் பெண்கள் கழற்றிக் கொடுத்த மெட்டியும் கொலுசும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வந்தன. "அரத்துல ராவுன தூளுகூட இங்க மிஞ்சக் கூடாது ஆசாரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் வெள்ளியை உருக்கித் தகடாக்கி, அரக்கில் பதித்து, உளியால் தட்டித் தட்டித் தண்டையின் முனைகளில் நாய்த் தலை எடுத்தார். சுடலையோடு வருகிற வேட்டை நாய். பல்லும் நாக்கும் தெரிந்தன. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தண்டையையும் தூளையும் அந்த மஞ்சள் துணியிலேயே முடிந்து, ஒப்படைத்து வருவதாகப் போனார். மறுநாள் பார்த்தால், எங்கள் பெண் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளி நாய் ஒன்றைக் கோர்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அதே மஞ்சள் துணி வெறுமனே கிடந்தது.

"சாமி வெள்ளியில கை வச்சிட்டியளே! விளங்குவியளா?" என்று கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். திருடன் என்றுகூடச் சொன்னேன். அவர் உலை ஊதும் குழலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரி மிக்சர் மருந்துக்கும் சூடு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் சுடலை கோயிலில் மதியக் கொடை. நாயை அறுத்தெடுத்து, அவரிடம் சொல்லாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

சாமியாடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே என்னிடம் ஆடி வந்தார். நாய்த் தலைகள் என் காலடியில் வந்து நின்றன. வெள்ளி நாயை அவர் கையில் திணித்தேன். உற்றுப் பார்த்தார். பிள்ளை நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நகர்ந்துவிட்டார். சாமி வாக்குச் சொல்லாமல் போகிறதே, பிள்ளை தங்காது என்றே நினைத்தேன்.

சாமி மலையேறி ஆட்டம் அடங்கிய பிறகு, வேர்த்து ஒழுக இளநீர் குடித்துக்கொண்டிருந்த மனுஷர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இத ஏன் அறுத்துட்டு வந்த? தண்டை அம்சமா இருக்குன்னு, தூள நாந்தான் குடுத்து விட்டேன். பிள்ளைக்குக் காவலா ஒரு நாயி அடிச்சிப் போடும்னு சொன்னேன். ஆசாரி வீட்ல சொல்லலியா?"

சொல்ல நான் எங்கே விட்டேன்?

திரும்பும் வழியெல்லாம் சாரல் அடித்தது. பிள்ளைக்கு வேர்த்து, சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. வண்டி எங்கள் வாசலில் நின்றபோது உள்ளே அவர் தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. சாமி முன்னால் நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. படியேற எனக்குக் கால் வரவில்லை.