ஊசி ஒட்டாத காந்தம்

மைனஸ் இருநூற்று எழுபது டிகிரி. அந்தக் குளிரில்தான் சுபலட்சுமியின் காந்தம் தன் குணத்தைக் காட்டும். ஆரணி வெயிலில் அது வினிகர் நெடியடிக்கும் கஷாய நிறக் கரைசல். ஞாயிறு மாலை வைத்த பாட்டிலைத் திங்கள் காலைக்குள் ஏழாவது முறையாகத் தூக்கி, ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தார்.

வயது முப்பத்தாறு. கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. மளிகைச் சீட்டில் வாங்கிய பொருளுக்கு மேல்நோக்கி அம்பு போடுவார், வாங்காததற்குக் கீழ்நோக்கி. கடைக்காரருக்கும் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஹேமநாத்துக்கு நான்கு விசைத்தறிகள். முந்தைய பாட்டிலில் விளைந்த கறுப்புத் தூளிடம் ஒரு ஊசியை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஒட்டவே இல்ல?"

"ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தம்ணா. மேல பாத்துகினு இருக்கும், இல்லாட்டி கீழ. இந்தச் சூட்டுல மாறி மாறித் திரும்பிகினே கீது, அதான் ஊசி ஒட்டல. திரும்பணும்னா நடுவுல ஒரு மேடு. ஆனா குளிர்ல சிலது மேடு ஏறாமலே அந்தாண்ட போயிடும்."

"மேட்டுல ஓட்ட போட்டுகினா?"

"அதுவும் இல்ல. இந்தாண்ட இருந்துச்சு, இப்ப அந்தாண்ட கீது."

"நம்ம தறிக்காரன் துரை மாதிரி. கதவு பூட்டிதான் கீது, ஆளு டீக்கடைல."

அந்தத் தாவலை அளக்க, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரே ஒரு படிகம் வேண்டும். சென்னை ஆய்வகம் ஒன்று வெள்ளிக்கிழமை நேரம் தந்திருக்கிறது. தவறினால் அடுத்த ஆண்டுதான். படிகம் கரைசலுக்குள் அசையாமல் வளர வேண்டும். இரண்டு பாட்டில்கள் ஏற்கெனவே தூளாகிவிட்டன. தறியின் அதிர்வுதான் காரணம் என்று நினைத்து, காற்றடித்த ஸ்கூட்டர் ட்யூபின்மேல் இந்த மூன்றாவது பாட்டிலை வைத்திருந்தார். அப்படியும் மனம் கேட்கவில்லை.

"மூணு நாள் தறிய நிறுத்த முடியுமாண்ணா?"

முகூர்த்தச் சேலைகள் தறியில் இருந்தன. ஹேமநாத் ட்யூபின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போய், நான்கு தறிகளையும் ஓடவிட்டு வந்தார். சுவரில் நாட்காட்டி நடுங்கியது. தண்ணீர் அப்படியே நின்றது.

"பேஜார் தறியில இல்ல டீச்சர். நீங்கதான் எந்நேரமும் தூக்கித் தூக்கிப் பாத்துகினு கீறீங்க. அது எப்பிடி வளரும்?"

சுபலட்சுமி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டிலை ட்யூபின்மேல் வைத்து, அறையைப் பூட்டி, சாவியை ஹேமநாத்திடம் கொடுத்தார்.

"வியாழன் சாயங்காலம் வரைக்கும் நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கண்ணா."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹேமநாத் வந்து அறையைத் திறப்பார்.