வெயில் காய்ந்த பாட்டரிக் கட்டைகள்

போன சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷம். உத்தமபாளையத்தில் ஒரு ரைஸ் மில்லின் பின்னறை. உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு. ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுக்குள் இருந்த தகடு, உலையில் கிடக்கும் இரும்பைப் போலக் கனன்றுகொண்டிருந்தது.

சவரிமுத்து பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

அனுமந்தன்பட்டிக்காரர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஒரு கிதாரோடு திரும்பியவர். அதன் ஓசையைப் பெரிதாக்க, ராணுவம் கழித்த சாமான்களை வாங்கித் தாமே ஒரு ஆம்பிளிபயர் கட்டியிருக்கிறார். வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் மில்.

தேனியில் கொட்டகை போட்டிருக்கும் நாடகக் கம்பெனியின் மானேஜர், கேட்டுப் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அவருக்கு பஸ். பிடித்தால் வேலை. இல்லையென்றால் சவரிமுத்து மலையேறி எஸ்டேட்டில் பம்ப் டிரைவராக வேண்டியதுதான். அங்கே ஒற்றை ஆளுக்குத்தான் இடம். கல்யாணமாகி நாலு மாதம். மனைவி மேரி தூக்குச்சட்டியோடு மூலையில் நின்றாள்.

"என்னா தம்பி, பாட்டுக் கேக்க வரச் சொன்னீகளா, குளிர் காய வரச் சொன்னீகளா?" என்றார் மானேஜர்.

சவரிமுத்து குனிந்து வால்வைப் பார்த்தார். இருப்பது அந்த ஒரு வால்வு. இன்னும் இரண்டு தடவை சிவந்தால் போயிற்று.

கோளாறு பயாஸில், அதாவது வால்வை அடக்கி வைக்கும் வோல்டேஜில். வால்வுக்குள் முன்னூறு வோல்ட் வெள்ளம். நடுவில் முடி போல மெல்லிய கம்பி வலை. எட்டு டார்ச் கட்டைகள் அந்த வலைக்கு மைனஸ் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கின்றன. மதகுப் பலகை போல அதுதான் வெள்ளத்தை மட்டுப்படுத்துகிறது. வியப்பு எங்கே என்றால்... அந்தக் கட்டைகளிலிருந்து கரண்ட் செலவாவதே இல்லையாம். சும்மா நின்றே காவல்! இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மூங்கில் குழாயில் அடைத்திருந்த அந்தக் கட்டைகளை மீட்டரில் அளந்தார். முள் இடப்பக்கம் போய் முட்டியது. "கம்பியத் தப்பாப் புடிச்சுட்டேன்" என்று முனகி, மாற்றிப் பிடித்தார். பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு!

வயர்களைப் பார்த்தார். பற்றவைத்த இடங்களைச் சுரண்டிப் பார்த்தார். மணி நாலு. மறுபடி மீட்டர். மறுபடி முள் முட்டியது. மறுபடி மாற்றிப் பிடித்தார்.

"எப்பவும் இப்படி மாத்தித்தான் புடிப்பீகளா?" என்றாள் மேரி.

அவர் கை அப்படியே நின்றது.

"கட்டைய நீ தொட்டியா?"

"காலையில வெயில்ல வச்சேன். பெரிய மனுசர் கேக்க வாராக, கொஞ்சம் தெம்பு ஏறட்டுமேன்னு..."

யார்தான் வைக்கவில்லை? டார்ச் கட்டையை முறத்தில் பரப்பி வெயிலில் காய வைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா?

"திரும்ப எப்படிப் போட்ட?"

"டார்ச்சுக்குப் போடுற மாதிரித்தான். குமிழ் முன்னால."

இந்தக் குழாயில் குமிழ் பின்னால் இருக்க வேண்டும். மைனஸ் போக வேண்டிய இடத்துக்கு பிளஸ் போயிருக்கிறது. மதகுப் பலகையை இறக்குவதற்குப் பதில் மொத்தமாகத் தூக்கிவிட்டது போல.

"தெம்பு நல்லாத்தான் ஏறியிருக்கு," என்றார் சவரிமுத்து, "தலைகீழா."

மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். மேரி சிரிக்கவில்லை. எட்டுக் கட்டைகளையும் தன் கையாலேயே திருப்பிப் போட்டாள்.

நாலு இருபது. சுவிட்ச். நாலு பேரும் தகட்டையே பார்த்தோம். கறுப்பு. ஒரு நிமிஷம் ஆயிற்று... கறுப்பேதான்.

சவரிமுத்து ஒரு தந்தியை விரல் நுனியால் தொட்டார். தொட்டது அவ்வளவுதான் — கூரைத் தகரம் அதிர்ந்தது. உத்திரத்துப் புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. என் நெஞ்செலும்பில் அந்த ஓசை உரசியதை இப்போதும் உணர்கிறேன். அந்த முரட்டு வெள்ளத்தை ஒரு விரலுக்கு அடங்க வைத்தது எது? சொட்டுக்கூடச் செலவாகாத பன்னிரண்டு வோல்ட். உழைப்பவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ வாரம் எழுதியிருக்கிறேன். சும்மா நின்றே காப்பவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேனா?

மானேஜர் பாராட்டவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஊர் ஊராப் போற பொழப்பு தம்பி. நீங்க மேடையில இருந்தா, இந்தக் கட்டைகள யாரு பாத்துக்கிருவாக?"

சவரிமுத்து மேரியைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை தேனி பஸ்ஸில் இரண்டு பேர் ஏறினார்கள்.