தாய்வழி அலுப்பு

வேலை நேரத்தில் தூங்குகிறாள் என்று சந்திரமதியின் மேல் மறுபடியும் புகார் போனபோது, அவள் உண்மையில் தூங்கவே இல்லை. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஓடும் பட்டையின் முன்னால் நின்று மூடிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாதி மூடிய இமைகளுக்குக் கீழே தெரிந்த கீற்று வழியாக அவள் மூடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக், தீடோர்கா?" என்று தோளைத் தொட்டாள் சூப்பர்வைசர். சின்ன வயசு மலாய்ப் பெண். தூங்குறீங்களா அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

இல்லை, கண் திறந்துதான் இருக்கிறது என்று சந்திரமதி மலாயில் சொன்னாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். படத்தில் இருந்தவள் சந்தேகமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச சந்திரமதிக்கே வாய் வரவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அலுப்பு அவளுக்குப் புதிதில்லை. நாற்பத்து நான்கு வயதில் அது அவளோடு கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டிருந்தது. காலையில் தலை சீவிக் கொண்டை போட்டு முடிப்பதற்குள் கை கனத்துப் போகும். துணி காயப்போடும்போது பாதியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். சோற்றை மெல்லுவதுகூட சில நாளில் வேலையாகத் தெரியும். கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். மனசுக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வரும் ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கொஞ்சம் குறுகிப் போனாள். நோய் இல்லை என்றால் மிச்சம் என்ன? சோம்பேறித்தனம்தான்.

அந்தச் சொல்லை அவள் சின்ன வயதிலேயே நன்றாகக் கேட்டிருக்கிறாள், அவளைப் பார்த்து அல்ல, அவள் அம்மா ராஜம்மாவைப் பார்த்து. பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டம் ஒன்றில் ராஜம்மா பழம் வெட்டினாள். நிரையில் மற்றவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். அப்பா செல்லப்பன் லாரியில் மூட்டை ஏற்றுபவர், இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்பவர். அவருக்கு இது மானப் பிரச்சினையாக இருந்தது.

"உக்காந்து திங்கவே பொறந்தவ" என்பார். கூப்பிட்டால் ராஜம்மாவுக்குக் காதில் விழாது. அதைத் திமிர் என்றார். முப்பது தாண்டியதும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் வந்தது. திங்கிற தீனிக்கு வராமல் என்ன செய்யும் என்றார். ஐம்பது வயதில் ஒரு நாள் மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்து வந்து சோறு போடு என்று செல்லப்பன் இரண்டு மூன்று தரம் அதட்டினார். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அவள் இனி எழமாட்டாள் என்று தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சந்திரமதிக்கு வாய்த்த கணவன் அப்படி இல்லை. மகேஸ்வரன் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவன். கழுவாத பாத்திரம் தொட்டியில் கிடந்தால் ஒன்றும் சொல்லாமல் தானே கழுவி வைத்துவிடுவான். மகள் ஷர்மினி ஆரம்பப் பள்ளியிலேயே சோறு வைக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லாத அந்த வீட்டில், ஒரு பெருமூச்சு கேட்டாலும் சந்திரமதிக்கு அது தன்னைப் பற்றியதாகவே இருந்தது.

இமை தொங்குகிறது என்று சொன்னதால் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பேனாவை நீட்டி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் அதைப் பார்க்கச் சொன்னார். பேனா வலப்பக்கம் போனது. சந்திரமதியின் கழுத்து கூடவே திரும்பியது.

"கழுத்து வேண்டாம், கண் மட்டும்" என்றார்.

அவள் முயன்றாள். கண் நகரவில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க எத்தனை வருஷமாக இப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஜொகூர் பாருவில் நரம்பு மருத்துவம் பார்க்கும் டாக்டர் விஜிதாவைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார்.

விஜிதா சின்னப் பெண்தான், முப்பத்தைந்து இருக்கும். அவசரப்படாமல் கேள்வி கேட்டாள். ரத்தம் எடுத்தாள், காதைச் சோதித்தாள். பிறகு தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, மொச்சைக்கொட்டை அளவு சதையை வெட்டி எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினாள். பதில் வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை சந்திரமதி எம்சியில், மருத்துவ விடுப்பில், வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகாமல் இருந்தும் அலுப்பு குறையவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

பதில் வந்த அன்று மகேஸ்வரனும் லீவு போட்டுக் கூட வந்தான். விஜிதா கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். வெளிர்பச்சையில் வட்டம் வட்டமாக, நெருக்கி அடுக்கிய கூழாங்கற்கள் மாதிரி இருந்தது. சில வட்டங்களுக்கு மட்டும் ஓரமெல்லாம் பிய்ந்தாற்போல் சிவப்பு.

"இது உங்க தொடைச் சதைக்கா. ஒவ்வொரு வட்டமும் ஒரு தசை செல்லு. குறுக்க வெட்டிப் பாத்தா இப்படித்தான் தெரியும்."

"அந்தச் சிவப்பு?"

"மைட்டோகாண்ட்ரியா. தமிழ்ல இழைமணின்னு சொல்வாங்க. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூத்துக்கணக்குல இருக்கும். நீங்க சாப்பிடறது, மூச்சுல இழுக்கற காத்து, ரெண்டையும் வெச்சு செல்லுக்கு வேண்டிய சக்திய அதுதான் பண்ணிக் குடுக்கும். உங்களுக்கு அதுல நெறைய பழுது. சக்தி அதிகமா கேக்கற எடம் எல்லாம் மொதல்ல அடிபடும். கண்ண அசைக்கற சதை, கை கால், காது."

சந்திரமதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழுதுன்னா அது கொறஞ்சுதான போயிருக்கணும்? இங்க கூடுதலா இல்ல இருக்கு?"

"ஆமா. சக்தி பத்தலன்னு தெரிஞ்சதும் செல்லு இன்னும் இன்னும்னு செஞ்சுக்கிட்டே போகுது. புதுசா வர்றதும் பழுதாவே வருது. அதுதான் ஓரத்துல அப்படிக் குமிஞ்சு கெடக்கு."

"அப்ப அது சும்மா இல்ல."

"சும்மா இல்லக்கா. நல்லா இருக்கற செல்ல விட அதிகமா பாடுபடுது. பலன்தான் இல்ல."

தன் உடம்பைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சந்திரமதிக்கு அழுகை வரும் போலிருந்தது, அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

பிறகு விஜிதா அம்மாவைப் பற்றிக் கேட்டாள். காது மந்தமா? இனிப்பு நீர் இருந்ததா? ஆள் குள்ளமா? கொஞ்சம் நடந்தாலே உட்கார்ந்துவிடுவாரா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சந்திரமதி தலையாட்டினாள். ராஜம்மா இறந்தபோது இந்தப் பெண் பள்ளிப்படிப்பைக்கூட முடித்திருக்க மாட்டாள். எதிரே நிற்க வைத்துப் பார்ப்பது மாதிரி சொல்கிறாளே.

"செல்லுக்குள்ள கரு இருக்கு" என்றாள் விஜிதா. "அதுல இருக்கற மரபணு அப்பா பாதி, அம்மா பாதி. ஆனா இந்த இழைமணிக்குன்னு தனியா கொஞ்சம் மரபணு இருக்கு. அது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். உங்க பழுது அதுலதான்."

மகேஸ்வரன், "அப்ப எங்க புள்ளைக்கு?" என்றான்.

"இருக்கலாம். எவ்வளவுன்னு சோதிச்சாத்தான் தெரியும். ஒரே அம்மாவுக்குப் பொறந்தவங்களுக்கே அளவு மாறும்." மருந்து உண்டா என்று அவன் கேட்டான். தீர்க்கிற மருந்து இல்லை, சக்திக்கு வைட்டமின் மாதிரி சில மாத்திரை தரலாம், இதயத்தையும் இனிப்பு நீரையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், இமையை அறுவை செய்து தூக்கிக் கட்டலாம் என்றாள்.

வீட்டுக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போகும்போது மகேஸ்வரன், "நான் உன்ன ஒண்ணும் சொன்னதில்லயே மதி" என்றான்.

"சொல்லலங்க. என்ன நெனச்சீங்கன்னும் சொல்லல" என்றாள். அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

செல்லப்பன் இப்போது அவர்களோடுதான் இருந்தார். எழுபத்தாறு வயதிலும் வீடு இருக்கும் தாமானை விடியற்காலையில் மூன்று சுற்று வருகிறவர். மறுநாள் காலை பசியாறிவிட்டு அவர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபோது, சந்திரமதி ஒலியைக் குறைத்துவிட்டு எதிரே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். அம்மாவிடமிருந்து வந்தது என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

"அவளுக்கும் இதானா?"

"இதேதாம்பா. காது கேக்காததும் இதுதான். இனிப்பு நீரும் இதுதான்."

"டாக்டரு அவளப் பாத்ததே இல்லயே. எப்படிச் சொல்றாங்க?"

"அம்மாகிட்ட இல்லாம எனக்கு எப்படிப்பா வரும்?"

செல்லப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தோட்டத்துல மருந்து குடுத்த டிரெசருக்கே தெரியாது." பிறகு தயங்கி, "அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா மருந்து இருந்திருக்குமா?" என்றார்.

"இப்பவே மருந்து இல்லப்பா."

கிழவரின் தோள்கள் லேசாகத் தளர்ந்து இறங்கின. அது நிம்மதி என்று சந்திரமதிக்குப் புரிந்தது. அந்த நிம்மதியை அவரிடம் விட்டுவிட்டு எழுந்து போயிருப்பாள். ஆனால் சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள்.

"மருந்துதாம்பா இல்ல" என்றாள். "உக்கார விட்டிருக்கலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒலி குறைந்த தொலைக்காட்சியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அவர் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. தட்டை உள்ளே கொண்டு போய் வைத்த மகேஸ்வரன், "அழுவுறாரு மதி" என்றான். தேற்றப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் போகவில்லை. அன்றைக்கு அவளிடம் இருந்த தெம்பு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் ராஜம்மாவின் திதி வந்தபோது, வடை பாயசம் என்று வழக்கமாக அவர் போடும் உத்தரவு எதுவும் வரவில்லை. "இந்த வருசம் சாப்பாட்டுக்கு வெளியில சொல்லிட்டேன்" என்றார். "நீ வெளக்கு மட்டும் ஏத்து, போதும்." பதினோரு மணிக்கு சாலையோர ஒட்டுக்கடைக்காரர் மோட்டாரில் சாப்பாட்டைக் கொண்டு வந்தார். செல்லப்பனே இலை போட்டு, படத்தின் முன்னால் பரிமாறினார். ஒவ்வொன்றாக, மெதுவாக. படையல் முடிந்தும் வெகுநேரம் அங்கேயே நின்றார். என்ன சொன்னாரோ, சந்திரமதி கேட்கப் போகவில்லை.

ஷர்மினிக்கு விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பதினாறு வயதில், படிவம் நான்கில் அவள் உயிரியல் எடுத்திருந்தாள். சொல்லி முடித்ததும், "போன பரீட்சைக்கு அத வரைஞ்சேம்மா" என்றாள். "நீளமான கொட்ட மாதிரி, உள்ள மடிப்பு மடிப்பா. மடிப்பு எதுக்குன்னு எழுதணும். அங்கதான் சக்தி உண்டாகுது, மடிச்சு வெச்சா எடம் கூடும்னு எழுதி முழு மார்க்கு வாங்கினேன்." கொஞ்சம் யோசித்து, "என்னோடது சரியா இருக்கான்னு பாத்துரலாம்" என்றாள்.

சோதிக்க வயது போதாது, பதினெட்டு ஆகட்டும் என்றுதான் விஜிதா முதலில் சொன்னாள். ஷர்மினி விடவில்லை. விஜிதா அவளைத் தனியாக உட்கார வைத்து இரண்டு தடவை பேசிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். பழுது இருந்தது, ஆனால் குறைந்த அளவில்தான். எவ்வளவு என்று சொல்ல முடிகிறது, அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, ஒன்றுமே செய்யாமலும் போகலாம் என்றாள் விஜிதா. நெட்பால் ஆடலாமா என்று ஷர்மினி கேட்டாள். ஆடலாம், களைத்தால் நிறுத்திக்கொள் என்றாள்.

"நான்தான குடுத்தேன்" என்று அன்று சாயங்காலம் சந்திரமதி சொன்னபோது, ஷர்மினி சிடுசிடுத்தாள். "அலமாக், அதச் சொல்லாதம்மா. பாட்டி ஒனக்கு வேணும்னா குடுத்தாங்க?"

இமை அறுவை முடிந்து சந்திரமதி வேலைக்குத் திரும்பினாள். பட்டைக்கு முன்னால் நிற்க விடவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்தபடி பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்கள். கண்ணில் அடிக்கடி சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. அலுப்பு எங்கேயும் போகவில்லை, காலையில் அவளோடு எழுந்து சாயங்காலம் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்காக யாரிடமும், தன்னிடமும்கூட, மன்னிப்புக் கேட்பதை அவள் நிறுத்தியிருந்தாள்.

ஆண்டுக் கடைசியில் ஆயர் ஈத்தாமில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஷர்மினிக்கு ஆட்டம் இருந்தது. மகேஸ்வரன் காடியைத் திடலோரம் நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டான். செல்லப்பன் இறங்கிக் கோட்டருகே போய் நின்றுகொண்டு, விதி ஒன்றும் தெரியாமலே பேத்திக்குக் கத்தினார். சந்திரமதி இருக்கையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். ஷர்மினி குதித்துப் பந்தைப் பிடிப்பது, மூச்சு வாங்க இடுப்பில் கை வைத்து நிற்பது, மறுபடி ஓடுவது. இடைவேளைக்குப் பிறகு எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

காடிக் கதவு திறந்த சத்தத்தில் விழித்தாள். ஷர்மினி வேர்வையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"பாத்தியாம்மா?"

"மொதப் பாதி பாத்தேன்."

"அது போதும்" என்றாள் ஷர்மினி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபடி. "ரெண்டாவது பாதியிலதான் தோத்தோம்."