வாழ்த்து நிகழ்ச்சியில் வந்த முகம்

சனிக்கிழமை காலைகளில் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். மெல்பனின் மல்கிரேவில், அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது அந்த நீச்சல் பள்ளி. கதவைத் திறந்ததும் குளோரின் வாசம் மூக்கில் ஏறும். கண்ணாடியெல்லாம் நீராவி படிந்திருக்கும். மற்ற பெற்றோர்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மகள்மீது எவ்வளவு அக்கறை என்று யாராவது நினைத்துக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை. உண்மையில் நான் பார்ப்பது அவள் காலை உதைக்கும் இடத்தை. அங்கேதான் எங்கள் செய்தி மேசை இருந்தது. ஆழமான பக்கத்தில், இப்போது மிதவைக் கயிறு கட்டியிருக்கும் இடத்தில், இரண்டாவது கேமரா.

ஒரு தொலைக்காட்சி நிலையம் குளமாகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. அந்த வருடங்களை நினைத்தாலே தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது. எல்லோரும் மெதுவாக நடமாடுகிறார்கள். வாய் அசைந்து முடிந்த பிறகுதான் சத்தம் வருகிறது.

மல்கிரேவுக்கு முன்னால் சிட்னி. திருச்சியிலிருந்து கணக்கியல் படிக்க வந்து, டூங்கபியில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். வார இறுதியில் மளிகைக் கடை வேலை. உறைந்த பரோட்டாப் பொட்டலங்களை அடுக்கி அடுக்கி விரல்நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். அங்கேதான் மாலினி அன்ரி என்னைப் பிடித்தார். நான் ஒரு கிழவரிடம் அரிசி விவரம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, உமக்குத் தமிழ் வடிவா வாசிக்கத் தெரியுமோ?" என்றார். "ஆமா ஆன்ட்டி" என்றேன். அரிசி மூட்டையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார். கல் நீக்கியது, பழைய அரிசி, உலர்ந்த இடத்தில் வைக்கவும். அதுதான் என் நேர்முகத் தேர்வு.

அன்ரியின் கணவர் தேவராஜா அங்கிள். பல வருடம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்தவர். கிடைத்த நேரத்திலெல்லாம் தமிழர் வீட்டுக் கூரைகளில் டிஷ் பூட்டி, கடைசியில் அந்த டிஷ்ஷில் வருவதற்கு ஒரு தொலைக்காட்சியையே ஆரம்பித்தார். சிட்னியிலேயே பிளாக்டவுனில், கார் அடிபட்டால் நெளிவு எடுத்துப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பழைய பட்டறைதான் ஸ்டூடியோ. வெயில் நாளில் சுவரிலிருந்து தின்னர் வாசம் கிளம்பும். ஏசி போட்டால் மைக்கில் இரைச்சல் விழும் என்று செய்தி நேரத்தில் அணைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஹீட்டருக்கும் அதே விதி. இடுப்புக்கு மேலே பட்டுச் சேலை, இடுப்புக்குக் கீழே டிராக் பேன்டும் கம்பளி பூட்ஸுமாகத்தான் உலகச் செய்திகளை ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு நான் வழங்கினேன். கேமராவும் எடிட்டிங்கும் முரளி பார்த்தார். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். ஒருநாள் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி என் பூட்ஸை அரை நொடி காட்டிவிட்டு, "தெரியாம பட்டுருச்சு லா" என்றார். தெரியாமல் ஒன்றும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில். இலங்கையில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. எனக்கு அந்த ஊர்ப்பெயர்கள் தெரியாது. இரணைப்பாலை, மாத்தளன், வட்டுவாகல். தவறாக உச்சரித்தால் உடனே போன் வரும். திட்ட மாட்டார்கள். பொறுமையாக, எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுப்பார்கள். "அது எங்கட ஊர், பிள்ளை" என்பார்கள். நான் ஓர் ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட வாரத்தில் அந்த ஊரில் யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். பிறகு இன்னொரு பெயர் வரும்.

போர் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் எடுத்த காட்சி எங்களுக்குக் கிடைத்தது. முள்கம்பிக்குப் பின்னால் முகாம், தண்ணீருக்கு வரிசை, தலையில் துவாய்த் துண்டு கட்டிய ஒருவர் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு நொடிதான். நான் அடுத்த செய்திக்குப் போவதற்குள் போன் அடித்தது.

"தங்கச்சி, இப்ப காட்டின படத்தை இன்னொருக்காப் போடுவியளோ?"

அவர் பெயர் சுகந்தி. பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கிள், "நேர வரச்சொல்லும்" என்றார். முதியோர் இல்லத்துச் சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓடிவந்தார். முரளி காட்சியைத் திரும்ப ஓட்டினார். "எங்க நிப்பாட்டணும், சொல்லுங்கக்கா." சுகந்தி அக்கா திரையில் விரலை வைத்தார். "இதில. இவன் யோகன். என்ர தம்பி."

முரளி மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டு அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினார். அந்தக் காட்சி இன்றும் எனக்கு மங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலை முடித்து, பிள்ளைகளைக் காரில் இருத்திவிட்டு, சிலர் கன்பராவிலிருந்து. பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்து அந்தக் காட்சிகளைப் பார்ப்பார்கள். அன்ரி மூலையிலிருந்த சின்னக் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டே இருப்பார். ஒருவர் கை உயர்த்தினால் முரளி நிறுத்துவார். அந்த இருட்டும், இஞ்சித் தேநீர் வாசமும், நின்று நின்று நகரும் முகங்களும் சேர்ந்து ஒரே நீண்ட பிற்பகல்போல நினைவில் கிடக்கின்றன. எங்கள் தொலைக்காட்சி வளர்ந்தது அந்தக் கதிரைகளிலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். உட்கார்ந்து போனவர்கள் எல்லோரும் வீட்டில் டிஷ் பூட்டினார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்களும்.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியும் என் பொறுப்புதான். பெரும்பாலும் கேக் முன்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள். அந்த வருடம் சுகந்தி அக்கா யோகன் என்ற யோகராசாவின் படத்தைக் கொடுத்தார். அங்கிள் தயங்கினார். "உறுதியில்லாத விசயம், பிள்ளை." அக்கா ஒன்றும் கெஞ்சவில்லை. படத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, போடுங்கோ" என்றார். அன்புத் தம்பி யோகராசா எங்கிருந்தாலும் நலமாக வாழ அக்கா வாழ்த்துகிறார் என்று நான் வாசித்தேன். அடுத்த வருடமும் வாசித்தேன். அதற்கடுத்த வருடமும்.

இதற்கிடையில் நாங்கள் பெரிய ஆட்களாகிவிட்டோம். மெல்பனில், இதே மல்கிரேவில், நீலக் கம்பளம் விரித்த இரண்டாவது நிலையம். பிறகு சினிமாப் பாட்டுக்கென்றே மூன்றாவதாக ஓர் அலைவரிசை. திறப்பு விழாவில் அங்கிள் கோட் போட்டுக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் அன்ரியின் பின்னாலேயே நடந்தார். படிப்பை முடித்திருந்த என்னை மெல்பனுக்கு அனுப்பி, நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். ஓர் அட்டையைத் திருச்சிக்கு அனுப்பினேன். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். என் பொறுப்பில் என்னையும் சேர்த்து மூன்று பேர் இருந்தோம்.

அன்ரி, சிட்னியில் அச்செடுத்த முகங்களின் பிரதிகளைக் கொண்டுவந்து மல்கிரேவ் தாழ்வாரத்தில் ஒட்டினார். படகில் அகதிகளாக வந்த பொடியன்கள் அப்போது ஆஸ்திரேலியத் தடுப்பு முகாம்களிலிருந்து தற்காலிக விசாவில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக நேயர்களிடம் குளிர் உடுப்புச் சேர்த்து, அதே தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்தோம். யாராவது ஒருவருக்கு ஒரு முகமாவது தெரியாதா என்பது அன்ரியின் எண்ணம்.

ஒரு ஜூலை மாதக் காலை, ரவீந்திரன் என்பவர் ஜாக்கெட் எடுக்க வந்தார். கையைப் பாதி நுழைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டே போனேன்.

"இது நான், அக்கா" என்றார். "ஆனா கீழ வேற ஆற்றையோ பேர் கிடக்கு."

படத்துக்குக் கீழே அன்ரியின் கையெழுத்தில் யோகராசா என்று இருந்தது. நான் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு. படத்திலும் இருந்தது. மூன்று வருடமாக அதை ஒரு நிழல் என்று நினைத்திருந்தேன். வாழ்த்து நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார். "அப்ப மூண்டு வருசமா எனக்கு ஆரோ பிறந்தநாள் கொண்டாடியிருக்கினம்."

அங்கிளுக்குப் போன் செய்தேன். "பிழையைப் போட்டது நாங்கள். சுகந்திக்குச் சொல்லத்தான் வேணும்" என்றார். அன்ரி போனை வாங்கி, "அந்தப் பிள்ளையிட்ட இருக்கிறது அந்தப் படம் ஒண்டுதானே" என்றார். மிச்சமிருந்தது யார் சொல்வது என்ற கேள்விதான். மூன்று வாழ்த்தையும் வாசித்த வாய் என்னுடையது. நானே சொன்னேன்.

மறுமுனையில் சுகந்தி அக்கா அழவில்லை. "அவர் அங்க நிப்பாரோ? நான் வந்து பார்க்கவேணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை பகல் முழுக்க ரயிலில் பயணம் செய்து மெல்பன் வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கி, ஞாயிறு காலை மல்கிரேவுக்கு வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய மீன் கட்லட்.

விருந்தினர்களைப் பேட்டி எடுக்கும் இரண்டு நாற்காலிகளில் இருவரையும் உட்கார வைத்தோம். கேமராக்களுக்கு உறை போட்டிருந்தது. அக்கா பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து நீட்டினார். "குறை நினையாதேங்கோ தம்பி. ஒருக்காத் தலையில கட்டிக் காட்டுங்கோ." ரவீந்திரன் கட்டினார். கொஞ்சம் திரும்பச் சொன்னார். திரும்பினார்.

"ஓம்" என்றார் அக்கா. "நீங்கள்தான்."

பிறகு கட்லட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார். "அண்டைக்கு உங்களுக்குப் பின்னால ஆர் நிண்டது?"

"சரியா ஞாபகம் இல்லை அக்கா. நெடுவலா ஒராள் நிண்டவர். காலில காயம்."

"எந்தக் கால்?"

ரவீந்திரன் யோசித்தார். ஏதாவது ஒரு காலைச் சொல்லியிருக்கலாம். "தெரியேல்லை அக்கா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். முழுக் காட்சியையும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தம்பி என்று நினைத்த முகத்தை மட்டும்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தார். சுற்றி நின்றவர்களை அவர் பார்க்கவே இல்லை. காட்சி பிளாக்டவுனில் முரளியிடம் இருக்கிறது, கேட்டு அனுப்புகிறேன் என்றேன். "ஓம் அக்கா, கட்டாயம்" என்றேன். அதற்குள் எனக்கும் ஆமா போய் ஓம் வந்துவிட்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்திலேயே சரிவு தொடங்கிவிட்டது. இணையத்தில் பூட்டும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. சென்னைச் சேனல்கள் மொத்தமும் அதற்குள். நேயர்கள் மன்னிப்புக் கேட்கும் குரலில் போன் செய்வார்கள். "சீரியல் அண்டைக்கண்டைக்கே வருது பிள்ளை, அதுதான்." பிள்ளைகளோ எந்தத் திரையையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். டிஷ் பூட்டித் தந்த அங்கிளையே கழற்றித் தரவும் கூப்பிட்டார்கள். அவரும் ஏணியோடு போனார். பாட்டு அலைவரிசை முதலில் நின்றது. மல்கிரேவில் விளக்குகளைக் குறைத்தோம். கடைசி மாதங்களில் என் முகம் பாதி இருட்டில்தான் செய்தி வாசித்தது.

முரளியிடம் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன், நிரந்தர விசாவுக்குத் தாள் சேர்த்துக்கொண்டிருந்தேன், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் காரணங்கள்தான். இப்போது சொல்லும்போது எவ்வளவு சின்னவையாக இருக்கின்றன.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பிளாக்டவுனையும் மூடினார்கள். கருவிகளை ஒட்டுமொத்தமாக யாரோ எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன் காட்சிகள் பதிந்திருந்த வட்டுகளை அழித்துத் தரவேண்டும் என்று பேச்சு. அழிப்பதற்கு முதல்நாள் முரளி எனக்குப் போன் செய்தார். "உனக்கு ஏதாச்சும் வேணுமா? இப்பவே சொல்லு, எடுத்து வெக்கிறேன்." நான் கொஞ்சமும் யோசிக்காமல், என் முதல் செய்தி வாசிப்பு வேண்டும் என்றேன். நன்றி சொல்லிவிட்டு, அழக்கூடச் செய்தேன். என் இளமைக்காக.

சுகந்தி அக்காவின் காட்சி நினைவுக்கு வந்தது நான்கு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது. முரளியைக் கூப்பிட்டேன். "எல்லாம் அழிச்சாச்சே" என்றார். படத்தை எடுத்த அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன்.

பிறகு அக்காவிடம் சொன்னேன். மறைக்காமல், முரளி கேட்டதையும் நான் கேட்டு வாங்கியதையும் சேர்த்தே சொன்னேன். முதியோர் இல்லத்தில் யாரோ மணி அடிப்பது கேட்டது.

"தங்கச்சி, நீங்கள் அதை எத்தினையோ தரம் பார்த்திருப்பியள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கோ. அவருக்குப் பின்னால ஆர் ஆர் நிண்டது?"

கண்ணை மூடினேன். முள்கம்பி வந்தது. நீலத் தண்ணீர்த் தொட்டி வந்தது. குடை பிடித்த ஒரு பெண், அவள் இடுப்பில் குழந்தை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். குடைக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் நின்றது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"முகம்?" என்றார் அக்கா.

"நிறையப் பேர் நின்னாங்க அக்கா" என்றேன். "நிறையப் பேர்."