ஏகாதசியன்று எடுத்த ரத்தம்

ஏகாதசி விரதத்தில் என் கணவர் கெட்டிக்காரர். சோற்றைத் தொடமாட்டார், மற்ற எதையும் விடமாட்டார். ரவை உப்புமா, கேசரி, பூவன்பழம் என்று ஸ்ரீரங்கத்தில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அன்றைக்குத்தான் அடுப்புக்கு வேலை அதிகம்.

நான் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை கசந்து வெகுநாளாயிற்று. மாடியில் பிளவுஸ் தைக்கிற கடை போட ஆசை. மெஷின்கூட வாங்கி, துணி போர்த்தி வைத்திருந்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு தந்தது அந்த ஆபீஸ்தான். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்றால் இவர், "நல்லா இருக்கறப்ப ஏன் வியாதிப் பேச்சு? வாயால வரவழைக்காத" என்று எழுந்து போய்விடுவார்.

கடைசியில் அவரை மடக்கியது ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அம்மா. பெரிய கடைவீதியில் இவருடைய பாத்திரக்கடைக்குக் குக்கர் வாங்க வந்தவர், பேச்சோடு பேச்சாக, "கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்புறமா சார் கரை கட்டுவீங்க? உடம்பு நல்லா இருக்கறப்ப வந்தாத்தான் கம்பெனி சேர்த்துக்கும்" என்றாராம். இவர் அங்கேயே தலையாட்டிவிட்டார். நான் வருஷக்கணக்கில் சொன்னது காதில் ஏறவில்லை! கோபம்தான். சந்தோஷத்தில் விழுங்கிவிட்டேன்.

இவர் வயதுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில். தேதியை இவரே குறித்தார்.

"ஏகாதசிக்கு வச்சுக்கலாம். எப்படியும் விரதம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

அன்று உப்புமாவையும் கேசரியையும் ஹாட்பாக்ஸில் மூடிவைத்துவிட்டு வழக்கம்போல பஸ்ஸைப் பிடித்தேன்.

சில நாளில் ஏஜென்ட் அம்மா எனக்கு போன் செய்தார். "சாருக்கு சுகர் ரொம்ப அதிகமா இருக்கும்மா. கம்பெனி ஒத்துக்கறது கஷ்டம்."

அழுதேன். பாதி இவர் உடம்பை நினைத்து, பாதி என் மெஷினை நினைத்து. மறைப்பானேன்?

சாயங்காலம் இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "விரதத்தன்னிக்கே இப்படின்னா, மத்த நாள்ல எவ்வளவு இருக்குமோ!"

எனக்குப் பொறி தட்டியது. "ஏங்க, அன்னிக்கு உப்புமாவை எப்ப சாப்பிட்டீங்க?"

"லேபுக்குப் போறதுக்கு முன்னாடி."

"கேசரி?"

"அதுவும்தான். சோறா தின்னேன்? பலகாரம்தானே!"

"லேபுல கேக்கலையா?"

"கேட்டாங்க. ஏகாதசிம்மா, சோத்துல கைவைக்க மாட்டேன்னேன். அந்தப் பொண்ணு கும்பிடாத குறைதான்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னபோது ஏஜென்ட் அம்மா என்னைவிட அதிகம் சிரித்தார். கம்பெனியிடம் பேசி மறுபடி பரிசோதிக்க அனுமதியும் வாங்கிவிட்டார்.

இந்தத் தடவை நான் லீவு போட்டு அடுக்களை வாசலில் காவல் நின்றேன்.

"ஒரு வாய் காபி?"

"மூச்! தண்ணி மட்டும்."

ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலிலிருந்து நெய்தோசை வாசனை வந்ததும், "பெருமாளே, இன்னிக்குத்தான் நிஜ விரதம்" என்று முனகினார். சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த மறுநாள் அதே கடையில் ரெண்டு நெய்தோசை வாங்கிக்கொடுத்தேன்.

பாலிசி வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பெருமாள் படத்தின்முன் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டினார். "கட்டின காசு வீணாவே போகணும், பெருமாளே." கடையில் ஒரு டம்ளர் நசுங்கினால் தூக்கம் வராத மனுஷர்! நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் எழுதிக்கொடுத்து விடுபட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். என் பஸ் வந்து நின்றது.

"சீக்கிரம் ஏறுங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"நான் வரலைங்க. நீங்க போயிட்டு வாங்க."

விசில் கொடுத்தார். பஸ் திரும்பி மறையும்வரை கையாட்டினேன். வீட்டுக்கு வந்து மாடியேறி, மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்தேன்.