முழங்கைதான் முதலில்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு எதிரே ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். சண்டைக் காலத்தில் ஒரு பள்ளி விடுமுறையின்போது அந்தக் கடற்கரையில் ஆமிக்காரர் ஒரு கிழமை பயிற்சி செய்தார்கள். எனக்கு எட்டு வயது. அதைவிடப் பெரிய திருவிழாவை நான் கண்டதில்லை. விசில் ஊதியதும் இருபது பேர் மணலில் விழுவார்கள். துவக்கோடு நெஞ்சால் ஊர்வார்கள். வெடி இல்லாததால் வாயாலேயே "டுமீல்" என்று கத்துவார்கள். இப்படி விளையாடுவதற்குச் சம்பளமும் கிடைக்கிறதே என்று எனக்கு ஒரே பொறாமை.

அப்போது அம்மாவின் தம்பி, சின்ன மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பத்தொன்பது வயது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டும்; அவர் இன்னும் பதியவில்லை. கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா அவரை யன்னல் பக்கமே விடமாட்டாள். எனக்கு அது காய்ச்சல்காரருக்குச் சொல்லும் பத்தியம்போலத்தான் பட்டது.

நான் கூடத்தில் ஊர்ந்து பழகுவதைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பின்பக்கத்தைத் தூக்காதையடி. முழங்கைதான் முதல். தலையை நிமித்தினியெண்டால் போச்சு."

தானே விழுந்து, தன் கட்டிலுக்கடியால் புகுந்து, சத்தமில்லாமல் மறுபக்கம் வந்தார். நான் துள்ளிக் குதித்தேன்.

"எங்க மாமா பழகினீங்கள்?"

"வீட்டிலதான். ஷெல் அடிக்கேக்க பங்கருக்குப் போக."

எங்கள் வீட்டில் அப்படிப் பதுங்க ஒரு பங்கர்க் குழி இல்லாதது பெரிய குறையாகத் தோன்றியது.

மறுநாள் மாலை அம்மாவோடு கடற்கரைக்குப் போனபோது ஆமிக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? அவர்கள் முன்னால் விழுந்து ஒரே மூச்சில் ஊர்ந்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களின் பெரியவர் என்னை "நங்கி", தங்கச்சி, என்று கூப்பிட்டு, இவ்வளவு திறமாக யார் பழக்கியது என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாமா!" என்று கத்தி எங்கள் யன்னலைக் காட்டினேன்.

அவர் சிரித்தபடியே யன்னலைப் பார்த்தார். அம்மாவும் சிரித்தாள். டி.வி. பார்த்துப் பழகியிருக்கிறாள் மாத்தயா என்றாள். என் கையை மட்டும் நோக நோகப் பிடித்திருந்தாள்.

இருட்டுவதற்குள் மாமா ஹெந்தளையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்லாமல் போனதில் சரியான கோபம்.

மறுநாள் காலை அந்தப் பெரியவரே இரண்டு பேருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்தவர் மாமாவின் கட்டிலுக்கடியில் குனிந்தார். நான் ஊர்வதைப் பார்க்கத்தான் குனிகிறார் என்று நினைத்து, கட்டிலின் மறுபக்கத்தால் புகுந்து, முழங்கையை முதலில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே ஊர்ந்து போனேன்.