துரை பாட்டுக் கேசட்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து என்றால் பபூன் வேஷம், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவருக்குத்தான். மற்ற நாட்களில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் சமையல். புதிதாக வந்த இளந்துரை, தோள்வரை முடி வளர்த்த சிங்களவர், கொழும்பிலிருந்து ஆங்கில ராக் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். கிட்டார் பேய் பிடித்து ஊளையிடும் பாட்டுகள். துரை தேயிலை மலைக்கு வேலை பார்க்கப் போனதும் அண்ணன் அவற்றைப் போட்டுக் கேட்டு அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.

நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். என்னிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பறையில் உட்கார்ந்து ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தோம். டிரம்ஸுக்குத் தப்பு மேளம், கிட்டாருக்கு அண்ணனின் மூக்கு. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே துரையின் குரலில், "முட்டை கருகிப்போச்சு, எங்கடா பாத்துக்கிட்டு இருந்த?" என்று தன்னையே திட்டிக்கொள்வார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இது நமக்குள்ள இருக்கட்டும் மாஸ்டர்" என்றார்.

அம்மன் திருவிழாவுக்குத் துரையை அழைத்து, மாலை போட்டு, முன்வரிசையில் உட்காரவைப்பது வழக்கம். அந்த நேரம் அவருக்குப் பிடித்த பாட்டு ஒலித்தால் எவ்வளவு மரியாதை என்று என் புத்தி போயிற்று. ஸ்பீக்கர்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நானே கேசட்டைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் தொழிற்சங்கத் தலைவர் மாலைத் தட்டைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

முதல் பாட்டுக்குத் துரை காலால் தாளம் போட்டார். அடுத்து முட்டை கருகியது. சனம் துரையைப் பார்த்துச் சிரித்தது. துரை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே அண்ணனைப் பங்களாவிலிருந்து நீக்கி, ஐம்பது வயதில் மண்வெட்டி வேலைக்கு அனுப்பினார்கள். ஸ்பீக்கர்காரர் தான் போடவில்லை என்று சத்தியம் செய்தார், ஒருவரும் நம்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன சொல்வது? இந்தியக் குடியுரிமை கிடைத்தும் அதுவரை இந்தியா போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அண்ணன், அந்த வருஷமே மூட்டை கட்டினார்.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்பீக்கர்காரன் உங்ககிட்டேருந்து கேசட்ட களவெடுத்திருக்கான் மாஸ்டர். இப்ப என்னடான்னா, நீங்கதான் போட்டீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான். நீங்க அப்படிச் செய்ற ஆளா?"

"இல்லண்ணே" என்றேன்.

ரயில் நகர்ந்தது. என் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்தவர், வளைவு திரும்பும்வரை தலையை வெளியே நீட்டி, நான் சிரிப்பதற்காக மூக்காலேயே கிட்டார் வாசித்துக்கொண்டு போனார்.